ஓர் எருக்கஞ்செடியில் தொடங்குங்கள்: பெங்களூரின் புறவெளியில் பூச்சியும் காட்டுப்பூவும் காணும் முறை

ஹெசரகட்டா ஏரியை ஒட்டிய புல்வெளியிலும், கனகபுரா சாலைப் பக்கத்துப் புதர்க்காட்டு ஓரங்களிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்துவிட்டு வரும் நண்பர்கள், பறவை நான்கைந்து தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்கள் நடந்த வேகத்தில் எதுவும் படாது. சிறு பூச்சிகளைப் பார்க்க விரும்புகிறவர் ஒரு மணி நேரத்தில் நூறு மீட்டர் நகர்ந்தால் போதும். பூச்சியைத் தேடி அலைவதை விட்டுவிட்டு, அது உண்ணும் செடியைத் தெரிந்துகொண்டு அதன் அருகே உட்கார்ந்திருப்பதே நான் பரிந்துரைக்கும் வழி.

தொடங்குவதற்கு எருக்கைவிடச் சிறந்த செடி இல்லை. அது எல்லாத் தரிசிலும் வளர்கிறது. பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டியவர்கள் என்பதால் நம் வீட்டுக் குழந்தைகள்கூட அதை அடையாளம் காண்பார்கள். முதலில் குருத்திலைகளையும் பூங்கொத்தின் காம்புகளையும் பாருங்கள். மஞ்சள் மணிகளைக் கொட்டி வைத்தாற்போல் மொய்த்திருப்பவை அசுவினிகள் என்னும் சிறு பூச்சிகள். கரிய கால்களும் மஞ்சள் உடலும் கொண்டவை. அவை கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் ஏறி இறங்கும். அசுவினிகளையே தின்பதற்காகப் பொறிவண்டுகளும் வரும். அடுத்து இலைகளின் அடிப்புறத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தால், குண்டூசித் தலையளவு வெண்ணிற முட்டை தனியாக ஒட்டியிருக்கக்கூடும். ஆரஞ்சு நிறத்தில் கரிய ஓரங்களுடன் தாழப் பறக்கும் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி இட்டது அது. அதன் புழுவுக்குக் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள் உண்டு. முதுகில் மூன்று இணைக் கரிய கொம்புகள் நீண்டிருக்கும். எருக்கம்பாலிலுள்ள நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்வதால், இத்தனை பளிச்சென்ற நிறத்தோடு ஒளியாமல் அமர்ந்திருக்க அதனால் முடிகிறது. மஞ்சளும் நீலமும் கலந்த பெரிய எருக்கு வெட்டுக்கிளியும் அதே செடியில் இருக்கலாம். அதன் குஞ்சுகளைத் தொட்டால் நீரைப் பீய்ச்சும் என்பதால் முகத்தை அருகே கொண்டுபோக வேண்டாம். பூ விரிந்திருந்தால் பத்து நிமிடம் காத்திருங்கள். கருவண்டு என்று நாம் அழைக்கும் பெரிய கரிய தேனீ வரும். எருக்கின் மகரந்தம் பொடியாக உதிராமல் சிறு பொதிகளாக இருப்பதால், அவை தேனீயின் காலில் மாட்டிக்கொண்டே அடுத்த பூவுக்குப் போய்ச் சேர்கின்றன. செடியைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். பால் பட்டால் கண்ணுக்குக் கெடுதல்.

இவ்வாறு ஒரு செடியைப் படித்துவிட்டால் மற்றவை எளிது. ஆவாரையில் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். உண்ணிச்செடியின் ஒரே கொத்தில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் சிவப்புமாகப் பூக்கள் இருப்பதைக் கவனியுங்கள். பூ முதிர முதிர மஞ்சள் மாறிச் சிவக்கிறது, வண்ணத்துப்பூச்சிகள் பெரும்பாலும் மஞ்சளையே நாடுகின்றன. கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகிய செடிகள் வாடிக் காய்ந்திருக்கும் இடத்தில் வரியன் வகை வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள் கூடுவதைக் காணலாம். தேனுக்கல்ல, இணையைக் கவரும் மணத்தை உண்டாக்கத் தேவையான வேதிப்பொருளை உறிஞ்சவே அவை வருகின்றன.

தரையோடு ஒட்டிப் பூக்கும் சிறு பூக்களுக்குக் கைலென்ஸ் வேண்டும். பத்து மடங்கு பெருக்குவது போதுமானது. லென்ஸைப் பூவின்மேல் பிடித்துக் குனிவதே எல்லாரும் செய்யும் தவறு. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பூ தெளியும்வரை தலையைத் தாழ்த்த வேண்டும். கிணற்றடிப்பூண்டின் ஒற்றைப் பூ என்று நாம் நினைப்பது பல சிறு பூக்களின் கூட்டம் என்பது அப்போது புலப்படும். விஷ்ணுகிராந்தியின் நீலப்பூவைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். வெயில் ஏறிய பின் அது மூடிக்கொள்ளும். மழைக்குப் பின் ஈரமான மணற்பாங்கில் அழுகண்ணி என்னும் பூச்சியுண்ணும் செடி தென்பட்டால் அது பெரும் பேறு: இலைமயிர்களின் நுனிகளில் பனித்துளிபோல் ஒளிரும் பசைத்துளிகளில் சிறு பூச்சிகள் சிக்கியிருக்கும்.

சுவரோரத்துக் காய்ந்த புழுதியில் புனல் வடிவக் குழிகள் இருந்தால், அவற்றின் அடியில் குழியானை என்னும் சிறு பூச்சி இரைக்காகக் காத்திருக்கிறது. சிறு வயதில் ஊரில் அதைப் பிடித்துக் கையில் பின்னோக்கி நடக்கவிட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. முதல் மழைக்குப் பின் வெளிவரும் சிவந்த பட்டுப்பூச்சியின் (பட்டுநூல் தருவதன்று) கால்களை எண்ணிப் பாருங்கள். எட்டு இருப்பதால் அது பூச்சியினமன்று, சிலந்திக்கு உறவு.

பெங்களூரில் செப்டம்பர் முதல் நவம்பர் வரையான மாதங்களே இதற்கு ஏற்றவை. காலை ஏழு மணிக்குச் சென்றால் பூக்களையும், குளிரில் விறைத்து அசையாமல் இருக்கும் தட்டான்களையும் பார்க்கலாம். வண்ணத்துப்பூச்சிகள் வெயில் வந்த பிறகே எழும். உங்கள் நிழல் பூச்சியின்மேல் விழாதபடி அணுகுங்கள். தட்டான் பறந்துவிட்டால் துரத்தாமல் நில்லுங்கள். பல வேளைகளில் அதே குச்சிக்குத் திரும்பி வரும். கம்பளிப்பூச்சியைத் தொடாதீர்கள், பார்த்தீனியம் அடர்ந்த இடத்தில் முழுக்கைச் சட்டை அணியுங்கள், உயர்ந்த புல்லில் காலடி வைக்குமுன் கழியால் தட்டுங்கள். வனத்துறை எல்லைக்குள் செல்வதானால் அனுமதி கேட்டுவிட்டே செல்ல வேண்டும்.

பெயர் தெரியாத செடிக்கு அங்கே ஆடு மேய்ப்பவர்களையே கேளுங்கள். கன்னடம் அரைகுறையாக இருந்தாலும் தயங்க வேண்டாம். நம் தும்பை அவர்களுக்குத் தும்பே, ஆவாரை ஆவரிகெ, எருக்கு எக்க. நாயுருவியை மட்டும் உத்தராணி என்று மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படம் எடுக்கும்போது பூவை மட்டும் எடுக்காமல், இலை தண்டில் அமைந்திருக்கும் விதத்தையும் முழுச்செடியையும் எடுங்கள். குறிப்பேட்டில் தேதி, நேரம், செடி, அதன்மேல் பூச்சி என்ன செய்துகொண்டிருந்தது என்னும் நான்கையும் எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே எருக்கிடம் திரும்பிச் சென்று, இலைகளின் அடியிலும் அருகிலுள்ள தண்டுகளிலும் தேடுங்கள். பச்சையாகவோ வெளிறிய இளஞ்சிவப்பாகவோ ஒரு கூட்டுப்புழு தொங்கினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடித்தாள் போன்ற வெற்றுக்கூடு மட்டும் இருந்தால் அந்தத் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள்.