‘தர்ட்டீன்த் ஃப்ளோர்’ படத்தைக் குழம்பாமல் பார்க்க

1999-இல் வந்த ஆங்கிலப் படம். கம்ப்யூட்டருக்குள் உருவாக்கிய 1937-ஆம் ஆண்டு உலகத்துக்குள் ஆட்கள் போய்வருவதுதான் கதை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். 1937-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் காட்சிகள் பழுப்பேறி மங்கலாக இருக்கும். டிவியில் நிறத்தைக் கூட்டிவிடாதீர்கள், நான் கூட்டிக் கெடுத்தேன். எந்த உலகத்தில் நிற்கிறோம் என்பதற்கு அந்தப் பழுப்புதான் அடையாளம்.

அப்புறம் முகங்கள். ஒரே நடிகர் இரண்டு உலகிலும் வேறு வேறு ஆள். வின்சென்ட் டி’ஒனோஃப்ரியோ இங்கே நீளமுடி கம்ப்யூட்டர்காரர், அங்கே மது ஊற்றித் தருபவர். முதல் தடவை எனக்குப் பிடிபடவே இல்லை! அந்தக் கம்ப்யூட்டர் உலகத்தை உருவாக்கிய ஃபுல்லர், மது ஊற்றித் தருபவரிடம் ஒரு கடிதம் கொடுப்பார். அப்போது மட்டும் போனைத் தொடாதீர்கள், முடிச்சு அதில்தான்.

காதல் காட்சிகளில் காபி போட்டுக்கொள்ளலாம்.

கடைசியில் திரை பட்டென்று அணையும். டிவி போய்விட்டதென்று நான் பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன்.