ப்ளட் கல்ச்சர் பாசிட்டிவ்: வார்டுக்கு எப்படிச் சொல்வது?

ப்ளட் கல்ச்சர் என்பது நோயாளியின் ரத்தத்தைப் பாட்டிலில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். மெஷின் ஒரு பாட்டிலை பாசிட்டிவ் (கிருமி வளர்கிறது) என்று காட்டியதும் கையில் இருக்கும் வேலையை ஓரம் வைத்துவிட்டு கிராம் ஸ்டெயின் (சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் கிருமியைப் பார்ப்பது) போடுங்கள், ஏனென்றால் கிருமியின் பெயரும் எந்த மருந்து கேட்கும் என்பதும் தெரியப் பல லேப்களில் ஓரிரு நாள் ஆகும், அதுவரை டாக்டருக்கு இதுதான் துணை.

அப்புறம் போன். கம்ப்யூட்டரில் ஏற்றியாச்சு என்று விட்டுவிடாதீர்கள். "கல்ச்சர் பாசிட்டிவ் சார்" என்று மொட்டையாகச் சொன்னாலும் பயனில்லை. "இரண்டு செட், நான்கு பாட்டிலில் மூன்றில் கிராம் பாசிட்டிவ் காக்கஸ், கொத்துக் கொத்தாக" என்று சொல்லுங்கள். (செட் என்பது ஒரு தடவை ஊசி போட்டு எடுத்த ரத்தத்தின் பாட்டில்கள்; கிராம் பாசிட்டிவ் காக்கஸ் என்பது ஸ்டெயினில் ஊதா நிறமாகத் தெரியும் உருண்டைக் கிருமி.) அந்த எண்ணிக்கை ரொம்ப முக்கியம்: நான்கில் ஒன்றில் மட்டும் வந்தால் ஊசி போடும்போது தோலிலிருந்து ஒட்டியதாக இருக்கலாம். ஆனால் நீங்களே அப்படி முடிவு கட்டாதீர்கள், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி ஒரே பாட்டிலில் வந்தாலும் ஆபத்துதான்.

கேட்டவரை, நோயாளியின் பெயர், ஐ.டி. எண்ணோடு திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். போனில் கேட்டவரின் பெயர், நேரம் இரண்டையும் எழுதிவையுங்கள்.

நெகட்டிவ் என்றால் இந்த ஓட்டம் இல்லை. 48 மணி நேரத்தில் "இதுவரை வளர்ச்சி இல்லை", வழக்கமாக 5 நாள் முடிந்ததும் இறுதி ரிப்போர்ட்.