குழந்தைக்கு உடம்பு சரியில்லை: வீட்டில் எதைப் பார்ப்பது, டாக்டரிடம் எப்போது ஓடுவது

என் மகளுக்கு ஏழு மாதம். குடியாத்தத்தில் அம்மா வீட்டில் இருந்தபோது ஒரு ராத்திரி வாந்தி, பேதி. "தொக்கம் இருக்கும்மா, காலையில எடுத்துட்டா சரியாப்போயிடும்" என்றார் என் ஆயா (பாட்டி). சாப்பிட்டது உள்ளே சிக்கிக்கொண்டது என்ற நம்பிக்கைதான் தொக்கம். அன்போடு சொன்னதுதான். நானும் காத்திருந்தேன். விடியும்போது உடம்பில் நீர் வற்றி உச்சிக்குழி பள்ளமாகியிருந்தது, அழுதால் கண்ணீர் வரவில்லை. பிழைத்துக்கொண்டாள். எதைப் பார்க்க வேண்டும் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. முதல் பிள்ளை பெற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: காய்ச்சலை அளந்து பாருங்கள்

கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். துணி சுற்றிய குழந்தை சும்மாவே சுடும். துணியைத் தளர்த்தி, காற்றாட வைத்து, கொஞ்ச நேரம் கழித்து டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வையுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 பாரன்ஹீட் வந்தால் அப்போதே கிளம்புங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். பெரிய குழந்தை 102-லும் விளையாடினால் கவனித்துக்கொண்டிருக்கலாம். 100-தான் என்றாலும் துவண்டு கிடந்து, பால் குடிக்காவிட்டால் உடனே காட்டுங்கள்.

படி 2: மூச்சை எண்ணுங்கள்

இருமல், சளி இருந்தால் இதுதான் முக்கியம். அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, செல்போனில் முழு ஒரு நிமிடம் வைத்து, வயிறு ஏறுவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, அதன்பின் ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றே டாக்டர். விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், உதடு நீலமானால் 108.

படி 3: வாந்தி, பேதி

ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பாக்கெட்டின் மேல் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கும். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர். பாதியைக் கொட்டி ஒரு டம்ளரில் கலக்கவே கூடாது, உப்பு மிகுந்துவிடும். காய்ச்சி ஆறிய தண்ணீரில் கலந்து, ஒவ்வொரு ஸ்பூனாக ஊட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓஆர்எஸ்ஸும் ஜிங்க் மாத்திரையும் இலவசம். ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால், குடித்ததெல்லாம் வெளியே வந்தால் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

படி 4: நாளைக் குறியுங்கள்

மூன்றாவது நாளும் காய்ச்சல் என்றால் டாக்டரைப் பாருங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து. அப்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம். பாராசிட்டமால் மட்டும், அதுவும் எடைக்கேற்ப டாக்டர் சொன்ன அளவு.

மழை, பனிக் காலத்தில் நம் வேலூர் பக்கம் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலும் வரும். புதரில் இருக்கும் சின்னப் பூச்சி கடிப்பதால் வருவது. குளிப்பாட்டும்போது அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம் பாருங்கள். பீடியால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு, வலிக்காது. இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் காட்டுங்கள்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, வாயில் தண்ணீர், எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. முதல் வலிப்பு என்றால் நின்றுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படி 5: எங்கே, எதோடு

ஒடுகத்தூரிலிருந்தும் அணைக்கட்டிலிருந்தும் நேராக வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கே போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மூச்சுத்திணறலில் பக்கத்து ஆஸ்பத்திரிதான் முதலில். அங்கிருந்து அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ சிஎம்சிக்கோ அனுப்புவார்கள். தடுப்பூசி அட்டை, கொடுத்த மருந்து பாட்டில், ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் இப்படி இருந்தால் போதும்: "காய்ச்சல் செவ்வாய் சாயங்காலம் ஆரம்பம். 101.8. பாராசிட்டமால் ராத்திரி 9 மணி. கடைசியாக மூத்திரம் போனது 4 மணி. எடை 8 கிலோ."