கேப்ஸ் லாக்கை எஸ்கேப் ஆக்கப் போய்: கீ மேப்பிங் நிரலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஸ்கேப்பை அடிக்கடி தட்ட வேண்டிய விம் எடிட்டரில் நாள் முழுக்க வேலை செய்கிறவர்களுக்கு ஒருநாள் இந்த ஆசை வந்தே தீரும்: சும்மா கிடக்கிற கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றிவிட்டால் என்ன? லினக்ஸில் எக்ஸ்மோட்மேப் என்ற கருவி இரண்டு வரியில் முடித்துத் தரும். நான் அதை விட்டுவிட்டு, சி மொழியில் நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். முதல் ஓட்டத்திலேயே கீபோர்டு ஊமையாகிவிட்டது.

லினக்ஸில் திரையையும் கீபோர்டையும் கவனித்துக்கொள்ளும் எக்ஸ் சர்வரிடம் எந்தக் கீ என்ன தரும் என்ற பட்டியல் இருக்கிறது; அதுதான் கீ மேப்பிங். அதன் எக்ஸ்இன்புட் நீட்சியில் இதற்கென்றே இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு. படிப்பதற்கு எக்ஸ்கெட்டிவைஸ்கீமேப்பிங், மாற்றுவதற்கு எக்ஸ்சேஞ்ச்டிவைஸ்கீமேப்பிங். இனி சுருக்கமாக கெட், சேஞ்ச். எக்ஸ் சர்வரோடு பேசுவதற்கான அடிப்படை லைப்ரரியான எக்ஸ்லிப்பிலும் இதே ஜோடி, ‘டிவைஸ்கீ’ இருக்கும் இடத்தில் ‘கீபோர்டு’ என்று இருக்கிறது. கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

நான் செய்தது இதுதான். 248 கீகளுக்கும் இடம் ஒதுக்கி, எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி, கேப்ஸ் லாக்கின் இடத்தில் மட்டும் எஸ்கேப்பை வைத்து, மொத்தத்தையும் சேஞ்சிடம் கொடுத்தேன். பூஜ்யம் என்றால் ‘இதைத் தொடாதே’ என்று சர்வர் எடுத்துக்கொள்ளும் என்பது என் கணக்கு. சர்வரின் கணக்கில் பூஜ்யம் என்றால் நோசிம்பல், அதாவது அந்தக் கீயில் எதுவுமே இல்லை. கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அடித்துக் கன்சோலுக்குத் தப்பலாம் என்று பார்த்தால், அந்தத் தாவலும் இதே மேப்பிங்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு கீசிம்தான் (கீ தரும் எழுத்தையோ செயலையோ குறிக்கும் எண்); அதுவும் போயிருந்தது. புரோகிராம் முடிந்ததும் பழைய நிலை திரும்பும் என்ற நம்பிக்கையும் வீண். மேப்பிங் இருப்பது சர்வரிடம். மாற்றிய புரோகிராம் போனாலும் மாற்றம் அப்படியே நிற்கும். கடைசியில் பரணில் கிடந்த ஒரு யூஎஸ்பி கீபோர்டுதான் காப்பாற்றியது. புதிதாகச் செருகும் கீபோர்டு தனக்கென்று புது மேப்பிங்கோடு வரும். அதில் கீபோர்டு அமைப்பைப் புதிதாக ஏற்றும் செட்எக்ஸ்கேபிமேப் கட்டளையை அடித்து மீண்டேன்.

ஆகவே ஒரு கீயை மாற்ற வேண்டுமென்றால் அந்த ஒரு கீயை மட்டும் அனுப்புங்கள்: தொடக்கம் 66, எண்ணிக்கை 1. தற்காலிக மாற்றம் என்றால், இருந்ததை முதலில் கெட் மூலம் எடுத்து வைத்து, வெளியேறும்போது திருப்பி எழுதுங்கள். கண்ட்ரோல்-சி அடித்து நிறுத்தினாலும் அது நடக்க வேண்டும்.

அந்த 66 எங்கிருந்து வந்தது? கர்னலைக் கேட்டால் கேப்ஸ் லாக் 58 என்று சொல்லும். எக்ஸில் கீகோடுகள், அதாவது ஒவ்வொரு கீக்கும் உள்ள எண்கள், 8-க்குக் கீழே போகாது, அதனால் 8 கூட்ட வேண்டும். கூட்ட மறந்து 58-ஐ அப்படியே கொடுத்தால் எம் கீ எஸ்கேப் ஆகிவிடும்.

சரி, மொத்த மேப்பிங்கையும் படிக்க மட்டும் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கேயும் குழிகள் உண்டு. 8 முதல் 255 வரை என்றால் எண்ணிக்கை 248. அந்த இடத்தில் 255 என்று கொடுத்தால் பேட்வேல்யூ பிழைதான் வரும். கீகோடு வகை ஒரே ஒரு பைட் என்பதால், அதையே லூப் மாறியாக வைத்து ‘255 வரை’ என்று எழுதினால் 255-க்கு அடுத்து 0 வந்து லூப் முடியவே முடியாது. சாதாரண இன்ட் போதும். ஒரு கீக்கு எத்தனை கீசிம் என்பதை சர்வர்தான் தீர்மானித்துச் சொல்லும். ஷிஃப்ட் இல்லாமல் ஒன்று, ஷிஃப்ட்டோடு ஒன்று, ஆக இரண்டு என்று நாமே முடிவு கட்டக் கூடாது. என் லேப்டாப்பில் 7 வந்தது. அப்படியானால் 66-ஆம் கீயின் வரிசை தொடங்கும் இடம் (66 − 8) × 7 = 406. இன்னொன்று, கீசிம் வகை அன்சைன்டு லாங், அதாவது 64-பிட் லினக்ஸில் 8 பைட். அதை 4 பைட் எண்ணாக எடுத்துப் படித்தால் ஒன்று விட்டு ஒன்று பூஜ்யமாகத் தெரியும். வேலை முடிந்ததும் கெட் தந்த நினைவகத்தை எக்ஸ்ஃப்ரீ மூலம் விடுவியுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் ஒரு வேடிக்கை பாக்கி இருக்கிறது. கேப்ஸ் லாக்கை அழுத்தினால் எஸ்கேப் வருகிறது, ஆனால் எழுத்துகளும் பெரிய எழுத்தாக மாறிவிடுகின்றன! கீசிம் பட்டியல் வேறு, மாடிஃபையர் (ஷிஃப்ட், கண்ட்ரோல், லாக் போன்றவை) பட்டியல் வேறு. 66-ஆம் கீ ‘லாக்’ வரிசையில் இன்னும் இருக்கிறது, அங்கிருந்தும் எடுக்க வேண்டும். அதற்கான ஃபங்ஷன் சில சமயம் மேப்பிங்பிஸி என்று திருப்பி அனுப்பும். மாற்றப்படும் மாடிஃபையரின் கீ அந்த நேரத்தில் அழுத்தப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். கையை எடுத்த பிறகு மறுபடி முயன்றால் போதும்.

சேஞ்ச் பிழையின்றித் திரும்பியதாலேயே வேலை நடந்துவிட்டது என்று நம்பாதீர்கள். கோரிக்கை பஃபரில்தான் கிடக்கிறது. எக்ஸ்சிங்க் அழைத்தால்தான் அது போய்ச் சேர்ந்ததும் பிழை இருந்தால் அதுவும் தெரியும். பிழைக்கென்று சொந்த ஹேண்ட்லர் வைக்காவிட்டால் எக்ஸ்லிப் ஒரு செய்தியை அச்சடித்துவிட்டுப் புரோகிராமையே நிறுத்திவிடும்.

தமிழ் எழுத்தைக் கீயில் வைக்கப் பார்ப்பவர்களுக்கு: ‘அ’வின் யூனிகோடு எண் 2949. அதை அப்படியே கொடுத்தால் ‘அ’ வராது. 16777216 கூட்டி 16780165 என்று கொடுக்க வேண்டும். ஒரு கீசிம்மில் ஒரே ஒரு யூனிகோடு எண்தான் அடங்கும் என்பதால் ‘கோ’ போன்றவற்றை ஒரு கீயில் வைக்க முடியாது. தமிழ்99 விசைப்பலகை முறை தானாகப் புள்ளி வைப்பதும் மேப்பிங்கால் ஆகாத வேலை, அதற்கு இன்புட் மெதட், அதாவது அடிப்பதைப் பார்த்து எழுத்தாக்கும் தனி மென்பொருள், வேண்டும்.

அப்புறம் எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலேண்ட். அங்கே மேப்பிங், திரையை நிர்வகிக்கும் கம்போசிட்டரின் கையில். எக்ஸ் செயலிகளை வேலேண்டில் ஓட்டித் தரும் எக்ஸ்வேலேண்ட் வழியாக நீங்கள் மாற்றுவது வேலேண்ட் செயலிகளுக்குப் போய்ச் சேராது. இரண்டிலும் வேலை செய்ய வேண்டுமென்றால் கர்னல் அளவில், ஈவியோக்ஸ்கீகோடு என்ற ஐஆக்டலில்தான் (கருவிகளுக்குக் கர்னல் வழியாகக் கட்டளை தரும் அழைப்பு) கை வைக்க வேண்டும். அது கேட்பது ஸ்கேன்கோடு, அதாவது கீபோர்டு வன்பொருளே அந்தக் கீக்கு அனுப்பும் எண். லேப்டாப்பின் உள் கீபோர்டில் பெரும்பாலும் கேப்ஸ் லாக்கின் ஸ்கேன்கோடும் 58, கர்னலின் கீகோடும் 58. எதை எங்கே கொடுத்தாலும் ஓடும், நாமும் சரியாக எழுதிவிட்டதாக நினைத்துக்கொள்வோம். யூஎஸ்பி கீபோர்டில் அதே கீயின் ஸ்கேன்கோடு 458809.