ஒரு ராக் ஆல்பம் ஓடுச்சா ஓடலையான்னு எப்படி பாக்குறது

பழைய பாப், ராக் ஆல்பம் எதையாவது தேடினா சார்ட்ல (விற்பனை வரிசைப் பட்டியல்ல) எத்தனாவது இடம்ங்கிற நம்பர்தான் முதல்ல கண்ணுல படும், அத மட்டும் வச்சு ஹிட்டு ஃபிளாப்புன்னு முடிவு பண்ணிடாதீங்க. எத்தன வாரம் சார்ட்ல நின்னுச்சுன்னு பாருங்க. பிங்க் ஃப்ளாய்டோட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973ல அமெரிக்காவுல முதலிடத்துல இருந்தது ஒரே ஒரு வாரம், ஆனா 1988க்குள்ள பில்போர்ட்ங்கிற அமெரிக்க மியூசிக் பத்திரிகையோட ஆல்பம் லிஸ்ட்ல 741 வாரம் ஓட்டிருச்சு!

அடுத்து ஆல்பத்துக்கு குடுக்குற கோல்டு, பிளாட்டினம் பட்டம். அமெரிக்காவுல 5 லட்சம் காப்பின்னா கோல்டு, 10 லட்சம்னா பிளாட்டினம், சரி, ஆனா அந்தக் காலத்துல அது கடைக்கு அனுப்பின சரக்கோட கணக்கு, ஜனங்க காசு குடுத்து வாங்கினது இல்ல. 1978ல கிஸ் பேண்ட்ல நாலு பேரும் ஒரே நாள்ல ஆளுக்கொரு சோலோ ஆல்பம் போட்டாங்க, நாலுமே பிளாட்டினம், ஆனா விக்காம ஏகப்பட்டது கடைங்கள்ல இருந்து ரிட்டர்ன் வந்துச்சு. அதனால பிளாட்டினம்னு பாத்ததும் ரிட்டர்ன் பத்தியும் தேடுங்க. 1991 வரைக்கும் பில்போர்டே கடைக்காரங்க சொல்றத வச்சுத்தான் லிஸ்ட் போட்டுச்சு, அதுக்கப்புறம்தான் கவுண்ட்டர்ல பார்கோடு அடிக்கிற கணக்கு வந்துச்சு, ரெண்டு காலத்தையும் நேரா ஒப்பிடாதீங்க.

அதே பேண்டோட முந்தின ஆல்பம் என்ன பண்ணுச்சுன்னு பாக்குறது ரொம்ப முக்கியம். ஃப்ளீட்வுட் மேக்கோட 'ரூமர்ஸ்' 1977ல வந்து அமெரிக்காவுல மொத்தம் 31 வாரம் முதலிடம். அதே மாதிரி இன்னொண்ணு எல்லாரும் எதிர்பாத்தப்ப பேண்டோட கிட்டாரிஸ்ட் லிண்ட்சி பக்கிங்ஹாம் அதுக்கு ஒத்துக்கல, பத்து லட்சம் டாலருக்கு மேல செலவு பண்ணி 'டஸ்க்'னு ரெண்டு எல்பி (பெரிய ரெக்கார்டு) செட்டா 1979ல வந்துச்சு, விலையும் ஜாஸ்தி. சுமார் 40 லட்சம் வித்துச்சு, வேற பேண்டா இருந்தா கொண்டாடியிருப்பாங்க, இதுக்கு தோல்வின்னு பேரு வந்துச்சு. என்னைக் கேட்டா அந்தப் பேரு அநியாயம், அவங்க ஆல்பம்லயே தைரியமானது அதுதான்.

விக்காததுக்கு எப்பவும் பாட்டு காரணமில்ல, சரக்கு கடைக்கு போச்சான்னும் பாருங்க. அமெரிக்காவுல மெம்ஃபிஸ்ல இருந்து வந்த பிக் ஸ்டார் பேண்டோட முதல் ஆல்பம் 1972ல வந்தப்ப விமர்சகர்ங்க தலையில தூக்கி வச்சு ஆடினாங்க, ஆனா ஸ்டாக்ஸ் கம்பெனியோட விநியோகம் சொதப்பினதால கடைக்கு போய் கேட்டா ரெக்கார்டே கிடைக்கல. அந்த பேண்டோட அலெக்ஸ் சில்ட்டனும் கிறிஸ் பெல்லும் சேர்ந்து பாடுறத ஒருதடவ கேளுங்க, மனசு ஆறாது. ஆர்.ஈ.எம். மாதிரி பேண்டுங்க பின்னாடி இவங்களத்தான் குருவா சொன்னாங்க.

கடைசியா, நீங்க படிக்கிற தகவல் எப்ப எழுதினதுன்னு செக் பண்ணுங்க. கேட் புஷ்ஷோட 'ரன்னிங் அப் தட் ஹில்' பாட்டு 1985ல பிரிட்டன்ல மூணாவது இடம், ஒரு டிவி சீரிஸ்ல வந்ததும் 2022ல முதலிடம், அதனால அதுக்கு முன்னாடி எழுதின எந்த லிஸ்ட்லயும் அது நம்பர் ஒன்னா இருக்காது.