தனியே கூடாரமடிக்கும் இரவில் பழக வேண்டியவை

கொழும்பிலிருந்து சனிக்கிழமை காலை பஸ் ஏறிக் கித்துல்கலவிலோ பெலிஹுல் ஓயாவிலோ தனியே கூடாரமடிப்பவருக்கு, மாலை ஆறரைக்குப் பின் நீண்டதோர் இரவு காத்திருக்கிறது. நம் நாட்டில் அந்தி வெளிச்சம் விரைவில் அடங்கிவிடும். இரவோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணிநேரம் நீள்கிறது. அந்த நேரத்தைத் தொலைபேசித் திரையில் கழித்தால் மின்கலம் தீரும், பயமும் கூடும். கைக்கும் காதுக்கும் வேலை கொடுப்பதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கோ உரிய நிலத்தில் அனுமதியின்றித் தங்கக்கூடாது. தனியார் காணியென்றால் உரிமையாளரிடம் கேளுங்கள். தங்குமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

முதலில் பழக வேண்டியது படங்கு கட்டுவது. நைலோன் கயிறு நனைந்தால் நீண்டு தளரும். நள்ளிரவு மழையில் படங்கின் நடுவே நீர் தேங்கித் தொங்கும். ஆகவே, அவிழ்க்காமலே இறுக்கக்கூடிய முடிச்சொன்று வேண்டும். கயிற்றின் நுனியை முளையைச் சுற்றிக் கொண்டுவந்து, விறைத்து நிற்கும் கயிற்றின் மேல், வளையத்தின் உட்புறமாக முளையை நோக்கி இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பின்னர் நுனியை வளையத்துக்கு வெளியே எடுத்து, அதே கயிற்றில் மூன்றாவது சுற்றைச் சுற்றி, அந்தச் சுற்றுக்குள்ளேயே நுழைத்து இறுக்குங்கள். கையால் தள்ளினால் முடிச்சு நகரும். பாரம் இழுத்தால் பிடித்துக்கொள்ளும். வெள்ளவத்தை மாடிவீட்டுப் பல்கனிக் கம்பியில் இதைப் பல தடவை கட்டிப் பார்த்தவர், காட்டில் டோர்ச்சை அணைத்துவிட்டு விரல்களால் மட்டும் கட்டிப் பழகலாம். மரத்திலிருந்து வரும் கயிற்றில், படங்கின் விளிம்புக்குச் சற்று வெளியே பழைய சாரத்தின் கிழிசலொன்றைக் கட்டிவிட்டால், கயிறு வழியே வரும் மழைநீர் உள்ளே புகாமல் அங்கேயே சொட்டிவிடும்.

அடுத்தது ஆற்றை வாசிப்பது. கூடாரத்தைக் கரையிலிருந்து நன்கு உயரத்தில் அடித்தபின், நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, இருட்டும்வரை அரைமணிக்கொருமுறை மட்டத்தைக் குறித்துவையுங்கள். கித்துல்கலவில் களனி கங்கை, மேலே மின்னிலையங்களிலிருந்து நீர் விடப்படும்போது, அங்கு மழை பெய்யாமலே உயரக்கூடும். நீர் திடீரெனக் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால், பொருட்களை விட்டுவிட்டாவது மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

திசையறிவதற்குத் துருவ நட்சத்திரத்தை நம்பிப் பயனில்லை. கொழும்பின் அகலாங்கில் அது அடிவானத்திலிருந்து ஏழு பாகை உயரத்திலேயே நிற்பதால், மரங்கள் அதை மறைத்துவிடும். தைப்பொங்கலை ஒட்டிய மாலைகளில் கிழக்கு வானில், சிவந்த திருவாதிரைக்கு அருகே வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைப் பாருங்கள்: அவை ஏறக்குறைய நேர்கிழக்கில் உதித்து நேர்மேற்கில் மறைபவை. பகலில் ஒரு கோலை நட்டு, அதன் நிழல்நுனியில் ஒரு கல்லும், கால்மணி கழித்து நகர்ந்த நுனியில் இன்னொரு கல்லும் வைத்தால், முதற்கல் மேற்கையும் மற்றது கிழக்கையும் காட்டும். ஏப்ரல், செப்டெம்பர் மாதத் தொடக்கங்களில் மட்டும் உச்சிவேளையில் நிழலே விழாது.

அட்டைக்குக் காலுறையின் மேல் சவர்க்காரம் பூசினால் போதும். குடிநீரை ஒரு நிமிடமாவது நன்கு கொதிக்கவிடுங்கள். ஊதலைக் கழுத்திலேயே மாட்டியிருங்கள். மும்மூன்றாக ஊதுவது உதவிக்கான அழைப்பு. 1990 அம்புலன்ஸ் சேவை இலவசம், ஆனால் பள்ளத்தாக்கில் தொலைபேசி அலை கிடைக்காமற் போகலாம். ஆகவே அலை கிடைக்கும் மேட்டை வெளிச்சமிருக்கும்போதே நடந்து கண்டுபிடித்து, அங்கிருந்து கூடாரத்துக்குத் திரும்பும் வழியை இருமுறை நடந்து பழகிவிடுங்கள்.