கல்லூரிக் கணிதம்: நல்ல நூல்கள் கையில் இருந்தும் செய்யும் தவறுகள்

பிஎஸ்சி இரண்டாமாண்டு மாணவர் ஒருவர், மெய்யெண் பகுப்பாய்வில் (எல்லை, தொடர்ச்சி போன்றவற்றை நிறுவலோடு படிக்கும் பாடம்) ஒரு பயிற்சிக் கணக்கைத் தொடங்கிய மூன்றாம் நிமிடத்திலேயே கைப்பேசியில் தீர்வுப் பிடிஎஃப்பைத் திறந்ததை அண்மையில் பார்த்தேன். என் காலத்தில் அது ஜெராக்ஸ் கட்டாக இருந்தது. வகுப்பைத் தவறவிடுவது, கடைசி வாரத்தில் படிப்பது போன்றவற்றின் தீமை எல்லோரும் அறிந்ததாகையால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தீர்வை முதலில் பார்ப்பது

எக்ஸ் வர்க்கம் என்னும் சார்பு 3 என்ற புள்ளியில் தொடர்ச்சியானது என்பதற்கான நிறுவலை நான் மனப்பாடமாகும்வரை படித்திருந்தேன். '1, எப்சிலானை 7-ஆல் வகுத்த ஈவு ஆகிய இரண்டில் சிறியதை டெல்டா எனக் கொள்க' என்று அது தொடங்கும். எப்சிலான் என்பது சார்பின் மதிப்பில் அனுமதிக்கும் பிழை; டெல்டா என்பது அந்தப் பிழைக்குள் நிற்க, எக்ஸ் அந்தப் புள்ளியிலிருந்து விலகக்கூடிய தொலைவு. ஒவ்வொரு வரியும் புரிந்ததால் கணக்கே தெரிந்துவிட்டதாக நம்பினேன். செமஸ்டர் தேர்வில் 3 இருந்த இடத்தில் 5 வந்தது. நான் அப்போதும் 7 என்றே எழுதிவிட்டு வந்தேன்.

எக்ஸ் வர்க்கத்துக்கும் 9-க்கும் உள்ள வேறுபாடு, எக்ஸிலிருந்து 3-ஐக் கழித்ததையும் எக்ஸோடு 3-ஐக் கூட்டியதையும் பெருக்கக் கிடைப்பது. எக்ஸ், 3-இலிருந்து 1-க்கும் குறைவான தொலைவில் இருந்தால், எக்ஸையும் 3-ஐயும் கூட்டிய தொகை 7-ஐவிடக் குறைவாகவே இருக்கும்; 5-க்கு அந்த எல்லை 11. இந்த எண்ணைத் தாளின் ஓரத்தில் தானே தேடிக் கண்டுபிடிப்பதுதான் பாடம். தீர்வு நூலோ அந்த ஓரக் கணக்கை நீக்கிவிட்டு, கடைசியில் கிடைத்ததை முதல் வரியாக அச்சிடுகிறது. இது இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவதற்குக் காரணம், இழப்பு ஒரு தேர்வோடு நிற்பதில்லை என்பதே. சீரான தொடர்ச்சியை (எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே டெல்டா போதுமான தொடர்ச்சி) படிக்கும்போது, டெல்டா புள்ளியைச் சார்ந்திருக்கிறதா என்பதே முழுக் கேள்வியாகிறது. 7 ஏன் 11 ஆனது என்று அறியாதவருக்கு, எக்ஸ் வர்க்கம் மெய்யெண்கோடு முழுவதிலும் சீரான தொடர்ச்சி உடையதல்ல என்பது மனப்பாட வாக்கியமாகவே தங்கிவிடும்.

ஆகவே, ஒரு கணக்கோடு 40 நிமிடமாவது தனியே போராடுங்கள். எந்த இடத்தில் நின்றுபோனீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். பிறகு தீர்வில் அந்த இடத்துக்கு வேண்டிய வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். மறுநாள் எதையும் பாராமல் முழுவதையும் எழுதிப் பாருங்கள். எண்ணை மாற்றியும் ஒருமுறை எழுதுங்கள்; அந்த ஒரு பழக்கம் இருந்திருந்தால் என் 7 அன்றே பிடிபட்டிருக்கும்.

பேனா இல்லாமல் வீடியோ பார்ப்பது

ஐஐடிகள் முதலியவை இணையத்தில் வழங்கும் என்பிடெல் பாடங்களும், எம்ஐடி இலவசமாக வெளியிட்டுள்ள கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் இயற்கணித விரிவுரைகளும் மிக நல்லவை. அவர் கரும்பலகையில் அணியை எழுதியதும் வீடியோவை நிறுத்தி, நிரை நீக்கலை (ஒரு நிரையின் மடங்கை மற்றொன்றிலிருந்து கழித்து அணியை எளிதாக்குவது) தாளில் முடித்துவிட்டுத் தொடருங்கள்.

படத்தையே நிறுவலாகக் கொள்வது

ஜியோஜீப்ரா என்னும் வரைபட மென்பொருளில் வரைந்து பார்ப்பது ஊகத்துக்கு உதவும்; நிறுவலுக்குப் போதாது. எங்கும் தொடர்ச்சியாக இருந்தும் எந்தப் புள்ளியிலும் வகையிட இயலாத சார்பை ஜெர்மன் கணிதவியலாளர் வயர்ஸ்ட்ராஸ் 1872-இல் முன்வைத்தார். அத்தகைய சார்பை எந்தத் திரையும் முழுமையாகக் காட்டாது.

பிடிஎஃப் சேர்ப்பது

ஒரு பாடத்துக்கு ஒரு நூல். அதன் கணக்குகள் முடியும்வரை அடுத்ததைத் திறக்க வேண்டாம்.